நிலைப்பதிப்பும் தொடர் வெளியீடும்: தன்னார்வக் குழுக்கள் தேர்ந்துகொள்ளும் முறை

மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எல்லாருக்கும் உரிமையளிக்கும் மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படும். அதை உருவாக்கும் திட்டங்களில் பல, தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பியே நடக்கின்றன. தம் ஆக்கங்களைப் பயனரிடம் சேர்க்க அவை இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. எல்லாப் பொதிகளையும் ஒரு காலக்கட்டத்தில் ஒரே நிலையில் நிறுத்திச் சோதித்து, பதிப்பெண் இட்டு வெளியிட்டு, அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களையும் கடுமையான வழுக்களுக்கான திருத்தங்களையும் மட்டும் அளித்துவருவது நிலைப்பதிப்பு. துறையினர் பேச்சில் இது ‘ஸ்டேபிள்’. பதிப்பெண்ணுக்குக் காத்திராமல், ஒவ்வொரு பொதியும் புதுப்பிக்கப்பட்ட சில நாள்களிலேயே பயனரின் கணினிக்கு வந்துசேர விடுவது தொடர் வெளியீடு. இது ‘ரோலிங்’ என வழங்கப்படுகிறது. பொதி என்பது ஒரு நிரலும் அதற்குத் தேவையான கோப்புகளும் நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டப்பட்ட தொகுப்பு. வழு என்பது நிரலில் உள்ள பிழை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றதால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளை வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கோயில் அலுவலகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் லினக்ஸ் இயங்குதளம் நடைமுறை மாற்றாக முன்னிற்கிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஜொகூர் பாருவிலோ கூலாயிலோ குளுவாங்கிலோ சிகாமட்டிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடத்தில் அதை நிறுவித் தரும் பொறுப்பு முன்னாள் மாணவர் ஒருவர் மீதோ பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர் மீதோ விழுவது இயல்பு. அவர் முதலில் சந்திக்கும் கேள்வி எந்த லினக்ஸ் என்பதாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது நிலைப்பதிப்பா தொடர் வெளியீடா என்ற கேள்விதான். இதைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான தெரிவாகவே பலரும் விளக்குகின்றனர், அவ்விளக்கம் போதாது. மென்பொருள் மாறும்போது எழும் வேலை எவ்வழியிலும் குறைவதில்லை. அது யார் கைக்கு, எப்போது, எந்த அளவில் வந்து சேர்கிறது என்பதே வேறுபடுகிறது. ஆகவே, தன் குழுவிடம் எத்தகைய நேரம் உள்ளது என்பதை அறியாமல் எந்தத் தன்னார்வலரும் இத்தெரிவைச் செய்ய முடியாது.

டெபியன்: நிலைப்பதிப்பு உருவாகும் விதம்

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, இன்று உலகெங்கும் பரவியுள்ள ஏறத்தாழ ஆயிரம் அதிகாரபூர்வ உருவாக்குநர்களாலும் அவர்களுக்குத் துணைநிற்கும் பங்களிப்பாளர்களாலும் நடத்தப்படுகிறது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமல்லாத இத்திட்டத்தின் அமைப்பை அறிந்தால் நிலைப்பதிப்பு என்ற கருத்து முழுவதும் விளங்கும். ஏனெனில் இத்திட்டத்துக்குள்ளேயே இரண்டு வழிகளும் அருகருகே இயங்குகின்றன. ஒரு பராமரிப்பாளர், அதாவது ஒரு பொதியைக் கட்டிக் காக்கும் பொறுப்பேற்றவர், புதிதாகப் பதிவேற்றும் பொதி முதலில் ‘சிட்’ என்று பெயர் பெற்ற நிலையற்ற கிளைக்குச் செல்கிறது. அங்கே அவசரத்தைப் பொறுத்து 2 முதல் 10 நாள்கள் வரை தங்கி, புதிய கடும் வழு எதுவும் பதிவாகாமலும், ஆதரிக்கப்படும் கணினி வகைகள் அனைத்திலும் கட்டப்பட்டும் இருந்தால், அது சோதனைக் கிளைக்குத் தானாகவே இடம்பெயர்கிறது. இவ்விரு கிளைகளும் நடைமுறையில் தொடர் வெளியீடுகளே. சோதனைக் கிளை ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை உறையவைக்கப்பட்டு, புதியன நுழைவது நிறுத்தப்பட்டு, வழுக்கள் மட்டும் களையப்பட்டு, இறுதியில் நிலைப்பதிப்பாகிறது.

டெபியன் 13இன் உறைவு இதற்குச் சான்று. 2025 மார்ச் 15 அன்று அடிப்படைக் கருவிகளிலும் நூலகங்களிலும் பெரிய மாற்றங்கள் தடைசெய்யப்பட்டன; ஏப்ரல் 15 அன்று மென்மையான உறைவும், மே 15 அன்று கடுமையான உறைவும், ஜூலை 27 அன்று முழு உறைவும் நடைமுறைக்கு வந்தன; ஆகஸ்ட் 9 அன்று ‘டிரிக்ஸி’ என்ற பெயரில், எழுபதாயிரத்தை நெருங்கும் பொதிகளோடு பதிப்பு வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் புதிதாக எதையும் சேர்க்காமல், பிறர் விட்டுச்சென்ற வழுக்களைத் திருத்துவதிலேயே தம் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டனர் என்பதே இத்தேதிகளின் பொருள். புகழ் தராத இவ்வேலையைச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. 2002 ஜூலையில் வெளிவந்த 3.0 பதிப்புக்கும் 2005 ஜூனில் வெளிவந்த 3.1 பதிப்புக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்தன; அந்த இடைவெளியில்தான், 2004 அக்டோபரில், டெபியனின் நிலையற்ற கிளையிலிருந்து பொதிகளை எடுத்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடுவதாக உறுதியளித்த உபுண்டு பிறந்தது. தன்னார்வலர்கள் ‘அணியமானதும் வெளியிடுவோம்’ என்று இருந்தால் வெளியீடு முடிவின்றித் தள்ளிப்போகும் என்பதை டெபியன் அந்தக் காலத்தில் உணர்ந்தது; பிற்பாடு உறைவுக்கான தேதியை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கத்துக்கு வந்தது.

வெளியான பின்னும் வேலை முடிவதில்லை. டெபியன் நிலைப்பதிப்புக்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவாக மேலும் இரண்டு ஆண்டுகளும் உண்டு. இக்காலத்தில் மூலத் திட்டம் புதிய பதிப்பில் செய்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, நிலைப்பதிப்பில் உள்ள பழைய நிரலில் பொருத்த வேண்டும். மூலத் திட்டம் என்பது அந்நிரலை முதலில் எழுதும் குழு. டெபியன் போன்றவை அதைத் தொகுத்து வழங்குபவை. இப்படித் திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுசென்று பொருத்துவதற்கு, தாம் எழுதாத நிரலை, அதுவும் எழுதியவரே கைவிட்ட பழைய நிலையில், படித்துப் புரிந்துகொள்ளும் திறன் வேண்டும். மூலத் திட்டத்தின் நிரலில் தொகுப்பவர் கைவைப்பது எவ்வளவு இடர் மிகுந்தது என்பதை 2008 மே மாதம் உலகம் கண்டது: டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் 2006இல் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றம், மறைகுறியாக்கச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கவையாக ஆக்கியிருந்தது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் அந்தப் பொதியைக் கொண்டு உருவாக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மூலத் திட்டத்தாரின் பக்கத்திலும் குறை உண்டு. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற நிரலை எழுதிவரும் ஜேமி சவின்ஸ்கி, தாம் எப்போதோ திருத்திவிட்ட வழுக்களைப் பற்றிய புகார்கள் டெபியனின் பழைய பதிப்பைப் பயன்படுத்துவோரிடமிருந்து தமக்கு வந்துகொண்டே இருப்பதால், நிரல் மிகப் பழையதாகிவிட்டது என்ற எச்சரிக்கையை நிரலுக்குள்ளேயே வைத்தார். 2016 ஏப்ரலில் அவ்வெச்சரிக்கை பயனர்களின் திரையில் தோன்றத் தொடங்கியபோது எழுந்த வாக்குவாதத்தில், அந்நிரலை டெபியனிலிருந்தே நீக்கிவிடுமாறு அவர் கேட்டார். அவர் கோரிக்கை கடுமையானதுதான். ஆயினும் ஒரு தன்னார்வலர் தாம் முடித்த வேலைக்காகத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல நேர்வது நியாயமன்று. நிலைப்பதிப்பைப் பயன்படுத்தும் எவரும் வழுவை முதலில் தொகுப்பாளரிடம், அதாவது டெபியனிடமோ உபுண்டுவிடமோ, பதிவுசெய்ய வேண்டும் என்ற மரபுக்கு இதுவே காரணம்.

தொடர் வெளியீடு கேட்கும் விலை

2002இல் கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச் லினக்ஸ், திருத்தத்தைப் பின்னோக்கிப் பொருத்தும் வேலையை அறவே தவிர்த்த திட்டம். மூலத் திட்டம் புதிய பதிப்பை வெளியிட்டதும் அதைக் கட்டி வழங்கிவிடுவதால், குறைந்த எண்ணிக்கையிலான பராமரிப்பாளர்களால் மிகப் பெரிய தொகுப்பைக் காக்க முடிகிறது. வழுவைக் கண்ட பயனர் மூலத் திட்டத்தாரிடம் பேசும்போது இருவரும் ஒரே பதிப்பைப் பற்றிப் பேசுகின்றனர். இந்த நேர்மையான எளிமைக்காகவே பல உருவாக்குநர்கள் இதை விரும்புகின்றனர். ஆனால் பராமரிப்பாளர் செய்யாமல் விட்ட வேலை மறைந்துவிடவில்லை; அது பயனரின் மேசைக்கு இடம்பெயர்ந்துள்ளது. புதுப்பிப்பதற்கு முன் திட்டத்தின் அறிவிப்புகளைப் படிக்க வேண்டும் என்பதும், சில பொதிகளை மட்டும் தனியே புதுப்பிக்கக்கூடாது என்பதும் ஆர்ச் தன் பயனர்களுக்கு விதித்துள்ள நிபந்தனைகள். 2022 ஆகஸ்டில், கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் புதுப்பிப்பு வந்தபோது, நிறுவியிருந்த தொடக்க நிரலும் அமைப்புக் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போன கணினிகளில் பல தொடங்கவே மறுத்தன. வீட்டில் ஒரே கணினி வைத்திருக்கும் ஆர்வலருக்கு அது அரை மணிநேர வேலை; வகுப்பு தொடங்கும் காலையில் இருபது கணினிகள் அந்நிலையில் இருந்தால், அன்றைய பாடம் நடைபெறாது.

தொடர் வெளியீட்டின் இடரைக் குறைக்கும் முயற்சிகளில் ஓப்பன்சூசே திட்டத்தின் டம்பிள்வீடு குறிப்பிடத்தக்கது. 2014இல் இன்றைய வடிவம் பெற்ற இத்தொகுப்பில், பொதிகள் தனித்தனியே வெளியிடப்படாமல் ஒருங்கே எடுக்கப்பட்ட ஒரு தொகுதியாக ஓப்பன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனைக் கருவியின் வழியே செலுத்தப்படுகின்றன. நிறுவுதல், தொடங்குதல், முக்கியச் செயலிகளைத் திறத்தல் ஆகியவை மனிதர் உதவியின்றிச் சோதிக்கப்பட்ட பின்னரே அத்தொகுதி பயனரை அடைகிறது. புதுப்பிப்பதற்கு முன் கணினியின் நிலையைப் பதிந்து வைத்து, கோளாறு நேர்ந்தால் பழைய நிலைக்கே திரும்பும் வசதியும் இயல்பாகவே அமைந்துள்ளது. தொடர் வெளியீட்டைத் தேர்ந்தே ஆகவேண்டிய குழுவுக்கு இதுவே பரிந்துரைக்கத்தக்கது. எனினும் ஒரு குறை இங்கும் எஞ்சுகிறது: தானியங்கிச் சோதனை, சோதிக்கச் சொல்லப்பட்டதை மட்டுமே சோதிக்கும்; தமிழ் எழுத்துகள் திரையில் முறையாக அமைகின்றனவா என்பதை யாரேனும் ஒருவர் சோதனையாக எழுதிச் சேர்க்காத வரை அது கவனிக்கப்படாது.

பள்ளிகளைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தடை, கணினிகள் நெடுங்காலம் அணைத்து வைக்கப்படுவது. தொடர் வெளியீடு, அடிக்கடி புதுப்பிக்கப்படும் கணினியை மனத்தில் கொண்டு அமைந்தது. பல மாதங்கள் தொடப்படாத ஆர்ச் கணினியில், பொதிகளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் கையொப்பச் சாவிகளே பழையனவாகிப் புதுப்பிப்பு நின்றுவிடக்கூடும். இடைப்பட்ட காலத்தில் வந்த கைமுறைத் திருத்தங்கள் அனைத்தையும் வரிசையாகத் தேடிப் படித்துச் செய்ய வேண்டியும் வரலாம். 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் மலேசியப் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. வடகிழக்குப் பருவமழையின்போது சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் வெள்ளம் வருவதும், பள்ளியாண்டு இறுதியின் நீண்ட விடுமுறையும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. நிலைப்பதிப்பு நிறுவிய கணினியை இத்தகைய இடைவெளிக்குப் பின் திறந்தால், ஆதரவுக் காலம் முடியாத வரை, தேங்கிய பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரே தடவையில் அமைதியாக நிறுவப்பட்டுவிடும்.

ஒரு தாக்குதல் கற்பித்தவை

2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று, அதாவது அனுமதியின்றி நுழைவதற்கான மறைவழி, பொதிந்திருப்பதை வெளியிட்டார். அந்தக் கருவியை நெடுங்காலமாக ஏறத்தாழ தனியொருவராகக் காத்துவந்த தன்னார்வலரின் களைப்பைப் பயன்படுத்தி, உதவியாளராக வந்து ஓரிரு ஆண்டுகளில் நம்பிக்கையைப் பெற்ற ‘ஜியா டான்’ என்ற பெயரிலான பங்களிப்பாளர் அதை நுழைத்திருந்தார். பாதிப்புற்ற பதிப்புகள் டெபியனின் நிலையற்ற கிளைக்கும் சோதனைக் கிளைக்கும், டம்பிள்வீடுக்கும், பெடோரா லினக்ஸின் வெளிவராத பதிப்புகளுக்கும் சென்றிருந்தன. டெபியனின் நிலைப்பதிப்பை அவை எட்டவில்லை.

இந்நிகழ்வை நிலைப்பதிப்பின் வெற்றியாகக் காட்டுவோர் பாதியை மட்டுமே சொல்கின்றனர். பிராய்ண்ட் அப்பின்வாசலைக் கண்டது டெபியனின் நிலையற்ற கிளையை இயக்கியதால்தான்: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். அக்கிளையை யாரும் பயன்படுத்தாமல் இருந்திருந்தால், அதே நிரல் உறைவைக் கடந்து அடுத்த நிலைப்பதிப்பில் இடம்பிடித்திருக்கக்கூடும். முன்வரிசையில் நிற்போர் பட்ட தொல்லையால் பின்வரிசையினர் காக்கப்பட்டனர். நிலைப்பதிப்பில் உள்ளவை பழையவை என்பதாலேயே பாதுகாப்பானவை ஆகிவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் குறைபாடு, அப்போதைய டெபியன் நிலைப்பதிப்பான 7ஐப் பாதித்தது. ஈராண்டுக் காலம் அக்குறை பலரின் கண்முன்னே இருந்தும் காணப்படாமலே இருந்தது. காலம் கடப்பதால் மட்டும் நிரல் முதிர்வதில்லை; அதைப் பயன்படுத்திச் சோதித்துக் குறை சொல்வோர் இருந்தால்தான் முதிர்கிறது.

ஜொகூர்ப் பள்ளிக் கணினிக்கூடத்துக்கு

முதலில் கணக்கிட வேண்டியது தன்னார்வலரின் நேரம். தென் ஜொகூரில் கணினி அறிந்த இளைஞர்களில் பலர் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர்கள். 2014 முதல் 2024 முடிய ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்ததால், சிங்கப்பூரில் வேலை செய்வோர்க்கும் பள்ளிக்கும் பொதுவான ஓய்வு நாள் சனி ஒன்றாகவே இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியது. எப்படிப் பார்த்தாலும் வாரத்தில் ஒரு சில மணிநேரமும் விடுமுறைக் காலத்தில் சில முழு நாள்களுமே கைக்கு வருகின்றன. அன்றாடம் சிறிதளவு கவனம் கேட்கும் தொடர் வெளியீட்டைவிட, ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நாள் முழு உழைப்பைக் கேட்கும் நிலைப்பதிப்பே இத்தகைய நேரத்துக்குப் பொருந்துகிறது. தன்னார்வலர் ஊர் மாறிச் சென்றாலும் அடுத்தவர் வரும்வரை கூடம் இயங்கும் என்பது இன்னொரு நன்மை. தொடர் வெளியீட்டில் அதை அமைத்தவர் விலகினால் சில மாதங்களிலேயே கூடம் தடுமாறத் தொடங்கும்.

ஆகவே கணினிக்கூடத்துக்கு டெபியன் நிலைப்பதிப்போ உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்போ பரிந்துரைக்கப்படுகிறது. பின்னது ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவந்து ஐந்து ஆண்டு ஆதரவு பெறுவது. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆதரவே உண்டு என்பதால் அவை பள்ளிக்கு ஏற்றவையல்ல. நிறுவும் முன் கணினிகளின் வகையைப் பார்க்க வேண்டும்: 32 பிட் செயலி கொண்ட பழைய கணினிகளுக்கு டெபியன் 13 நிறுவியை வழங்குவதில்லை, ஆர்ச் 2017லேயே அவற்றைக் கைவிட்டது. பள்ளிச் சொத்தாகப் பதிவான கணினிகளில் தலைமையாசிரியரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் எதையும் அழிக்கக்கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதியை அமைத்துவிட்டால், அந்த ஆண்டு முழுதும் தன்னார்வலர் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. இருபது கணினிகளும் ஒரே பொதியை இருபது முறை பதிவிறக்காமல் இருக்க, ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவிப் பொதிகளைச் சேமித்துப் பகிர்வது இணைய வேகம் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளுக்குப் பெரும் உதவி.

நிலைப்பதிப்பு என்றால் எல்லாமே பழையது என்ற அச்சம் ஆசிரியர்களிடம் எழுவதுண்டு. அது முழுவதும் சரியன்று. கல்வி அமைச்சின் டெலிமா தளம் உள்ளிட்ட இணையவழிப் பாடங்களுக்கு உலாவியே அடிப்படை. டெபியன் நிலைப்பதிப்பில் பயர்பாக்ஸின் ஈஎஸ்ஆர் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, பதிப்பின் ஆயுளுக்குள்ளேயே புதிய பதிப்புகளுக்கு உயர்த்தப்படுகிறது. உலகின் நேர வலயங்களைப் பற்றிய தரவும் அவ்வாறே இடையில் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் நாட்காட்டிச் செயலிகள் நம்பும் பன்னாட்டுத் தரவில் வார விடுமுறை நாடு முழுமைக்கும் ஒன்றாகவே குறிக்கப்படுகிறது. ஜொகூரின் 2014, 2025 மாற்றங்களை எந்தப் புதுப்பிப்பும் கொண்டுவரவில்லை, அமைப்பில் கைமுறையாகவே மாற்ற வேண்டியிருந்தது. எவ்வளவு புதிய மென்பொருளானாலும் உள்ளூர் நிலவரத்தை உள்ளூரார்தான் கவனிக்க வேண்டும். ஏதேனும் ஒரு செயலி மட்டும் புதிதாகத் தேவைப்பட்டால் டெபியன் பேக்போர்ட்ஸ், அதாவது புதிய பொதிகளைப் பழைய பதிப்புக்கு ஏற்பக் கட்டித் தரும் தனிக் களஞ்சியம், உதவும். பேக்போர்ட்ஸைத் தாராளமாகப் பயன்படுத்தினால் நிலைப்பதிப்பைத் தேர்ந்த பயன் போய்விடும் என்பதால் ஒன்றிரண்டு பொதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிலைப்பதிப்பின் உண்மையான சுமை பதிப்பு மாறும் நாளில் வருகிறது. டெபியன் 12இலிருந்து 13க்கு மாறுபவர், மேசைத்தளங்களான நோம் 43இலிருந்து 48க்கும், கேடிஈயின் பிளாஸ்மா 5.27இலிருந்து 6.3க்கும், அலுவலகச் செயலித் தொகுப்பான லிப்ரெஆபிஸ் 7.4இலிருந்து 25.2க்கும் ஒரே நாளில் தாவுகிறார். பிளாஸ்மா 6 வேலேண்ட் என்ற புதிய திரையமைப்பை இயல்பாகக் கொண்டிருப்பதால், தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைப் பயன்படுத்துவோர் அதை மெய்நிகர் விசைப்பலகை அமைப்பில் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அறியாமல் மாறிய கூடத்தில் மறுநாள் ஒருவரும் தமிழில் தட்டச்சிட முடியாது. எழுத்துருவின் புதிய பதிப்பில் எழுத்தின் அகலமோ வரியின் உயரமோ சற்று மாறினாலும், பாதி வடிவமைத்த பள்ளி ஆண்டு மலரின் பக்கங்கள் இடம் பெயர்ந்துவிடும். அதனால் மாற்றத்தை ஆண்டு இறுதி விடுமுறையில், ஒரு கணினியில் முதலில் செய்து, அதில் ஒரு வாரம் ஆசிரியர் ஒருவர் வேலை செய்த பின்னரே மற்றவற்றில் செய்ய வேண்டும்.

சிறு தமிழ்த் திட்டங்களை நடத்துவோர்க்கு

சொற்பிழை திருத்தி, எழுத்துரு, விசைப்பலகை, ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகம் என ஒருவரோ இருவரோ காத்துவரும் திட்டங்கள், பெரிய திட்டங்களைப் பார்த்து நிலைக்கிளை ஒன்றையும் வளர்ச்சிக் கிளை ஒன்றையும் தொடங்கிவிடுவது வழக்கம். இரண்டு கிளை என்றால் ஒவ்வொரு திருத்தத்தையும் இருமுறை செய்து இருமுறை சோதிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத திட்டம், ஒரே கிளையை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தேதிகளில் எண்ணிட்டு வெளியிட்டு, முந்தைய வெளியீட்டுக்குத் திருத்தம் வராது என்பதை வெளிப்படையாக எழுதிவைப்பதே நேர்மையான வழி. காக்க முடியாத உறுதிமொழி பயனரைப் பாதிப்பதைவிட, அதைக் கொடுத்த தன்னார்வலரையே முதலில் களைப்படையச் செய்யும். வெளியீட்டுத் தேதியை டெபியன், உபுண்டு உறைவுகளுக்குச் சில வாரங்கள் முன்னதாக அமைத்துக்கொண்டால், அந்த வெளியீடே பல ஆண்டுகளுக்குப் பள்ளிகளில் இயங்கும் பதிப்பாகும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு உறைவு இன்னும் முக்கியமானது. நோம், கேடிஈ போன்ற மேசைத்தளத் திட்டங்கள் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன் சொற்றொடர் உறைவை அறிவிக்கின்றன. அதாவது, பட்டிகளிலும் அறிவிப்புகளிலும் வரும் ஆங்கிலத் தொடர்களை உருவாக்குநர் அதன்பின் மாற்றுவதில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க அளவே உள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சுவிட்டு வேலை செய்யக் கிடைக்கும் காலம் அதுவே. உறைவே இல்லாத தொடர் வெளியீட்டுத் திட்டங்களில், மொழிபெயர்த்து முடித்த தொடர் மறுவாரமே மாறிவிட, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான திரையே பயனருக்குக் கிடைக்கிறது. இவ்வகையில் நிலைப்பதிப்பு மரபு சிறிய மொழிக்குழுக்களுக்குப் பெருந்துணை. அதைக் கைவிடும் திட்டத்திடம் சொற்றொடர் உறைவையாவது காக்குமாறு தமிழ்க் குழுக்கள் கேட்பது நியாயமே.

உறைவுக்கு முன் தமிழைச் சோதித்தல்

தமிழ்ப் பயனர் அனைவரும் நிலைப்பதிப்பையே பயன்படுத்தினால், தமிழுக்கு நேரும் கோளாறு பதிப்பு வெளியான பின்னரே கண்ணில் படும். அப்போது அது கடும் வழுவாகக் கருதப்படாவிட்டால் அடுத்த பதிப்புவரை ஈராண்டு காத்திருக்க நேரும். ஜொகூர் முழுமைக்கும் இரண்டு மூன்று தன்னார்வலர்கள் தம் சொந்தக் கணினியில் டெபியனின் சோதனைக் கிளையையோ டம்பிள்வீடையோ இயக்கினாலே இந்நிலை மாறும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்திலும் கணினியியல் பயிலும் தமிழ் மாணவர்களுக்கு இது படிப்போடு இணைந்து செல்லும் பயிற்சி. சோதனைக் கிளைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிலைப்பதிப்பைவிடத் தாமதமாக வரக்கூடும் என்பதால், வங்கிக் கணக்கும் பள்ளி ஆவணங்களும் இருக்கும் கணினியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. பழைய மடிக்கணினி ஒன்றே போதும்.

சோதிக்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. வரைகலை நிறுவியில் தமிழைத் தேர்ந்து இறுதிவரை நிறுவிப் பார்க்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையிலும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையிலும் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டச்சிட்டு, கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றனவா, பின்னழி விசையை அழுத்தும்போது எழுத்து முறையாக அழிகிறதா என்று லிப்ரெஆபிஸிலும் உலாவியிலும் முனையத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும்; முனையம் என்பது கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம், தமிழ் பெரும்பாலும் அங்கேதான் முதலில் சிதைகிறது. ஒரு பக்கத் தமிழ் ஆவணத்தைப் பிடிஎஃப்பாக மாற்றி, அதிலிருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டி, எழுத்துகள் குலையாமல் வருகின்றனவா என்று பார்ப்பதும், மாணவர் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தி ‘க’வரிசைப் பெயர்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்ப்பதும் பள்ளி அலுவலகத்துக்கு நேரடியாகப் பயன்படுவன.

கோளாறு தென்பட்டால், பொதியின் பெயர், பதிப்பெண், தட்டச்சிட்ட எழுத்து, தோன்ற வேண்டிய வடிவம், தோன்றிய வடிவம் ஆகியவற்றைத் திரைப்பிடிப்போடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். தமிழ் அறியாத பராமரிப்பாளர் ஒருவரே அதைப் பெரும்பாலும் படிப்பார் என்பதால், எது சரி, எது தவறு என்பதைப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டுவது அவசியம். அடுத்த டெபியன் பதிப்பின் உறைவுத் தேதிகள் அறிவிக்கப்பட்டதும், மென்மையான உறைவுக்கு இரண்டு மாதங்கள் முன் இச்சோதனையைத் தொடங்குவது உகந்தது. அதற்குள் அனுப்பிய வழு அறிக்கைக்கு மூலத் திட்டத்திலேயே தீர்வு காணப்பட்டு, புதிய பதிப்பாகச் சோதனைக் கிளைக்குள் நுழைய நேரம் இருக்கும். கடுமையான உறைவுக்குப் பின் அனுப்பப்படும் அறிக்கைக்கு, ஒரு சில வரிகளில் அடங்கும் திருத்தமும் உடன் இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அப்பதிப்பிலேயே இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.